கப், டீஸ்பூன் அளவைப் படிக் கணக்குக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: அரிசிம்பருப்புச் சோற்றுக்கு 1 கப் அரிசி அளவில் குறிப்பு இருக்கிறது: பருப்பு கால் கப், தண்ணீர் 3 கப், உப்பு ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், கடலை எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், வரமிளகாய் 3. கோயில் விசேஷத்துக்கு 40 பேருக்குப் படியில் அளந்து செய்ய வேண்டும். எப்படி மாற்றுவது?

முதலில் உங்கள் வீட்டு ஆழாக்கை அளந்துவிடுங்கள். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. இந்த வாய்ப்பாடு மாறாது, படிதான் மாறும். பெரிய படி, சின்னப் படி என்று வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆழாக்கில் தண்ணீர் நிரப்பித் தராசில் வையுங்கள். பாத்திர எடை போக எத்தனை கிராமோ அத்தனை மில்லி.

அது 200 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 40 பேருக்கு அரிசி இரண்டரைப் படி, அதாவது 20 ஆழாக்கு. பருப்புக்கும் தண்ணீருக்கும் கப் கணக்கே தேவையில்லை. விகிதம்தான் முக்கியம், அதே ஆழாக்கில் பருப்பு 5, தண்ணீர் 60. அரிசி, பருப்பு இரண்டையும் தலை தட்டித்தான் அளக்க வேண்டும். அரிசியைக் குவித்தும் தண்ணீரை மட்டமாகவும் அளந்தால் சோறு விதைவிதையாக நிற்கும்.

ஸ்பூன் சாமான்களுக்குத்தான் மில்லி கணக்கு வேண்டும். கப் 240, டேபிள்ஸ்பூன் 15, டீஸ்பூன் 5 மில்லி. இரண்டரைப் படி 4,000 மில்லி. 240-ஆல் வகுத்தால் 16.67 மடங்கு. உப்பு 25 டீஸ்பூன் வருகிறது. தயவுசெய்து 25 முறை அள்ளாதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குவிந்தாலே கடைசியில் கரித்துவிடும், நடுவில் எண்ணிக்கையும் தவறும். 125 மில்லி என்று மாற்றி அரை கப்பும் ஒரு டீஸ்பூனுமாக ஒரே தடவையில் அளந்துவிடுங்கள். பொடியுப்பு என்றால் அது சுமார் 150 கிராம். கல்லுப்பு போடுகிறவர்கள் எடை போட்டே போடுங்கள். பரல்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் அதே கரண்டியில் உப்பு குறைவாகத்தான் வரும். மஞ்சள்தூள் 4 டீஸ்பூன்.

எல்லாவற்றையும் அப்படியே பெருக்கிவிடக் கூடாது. எண்ணெய் கணக்குப்படி 500 மில்லி, ஆனால் 350 போதும். அண்டாவின் அடிப்பரப்பு 16 மடங்கு பெருகுவதில்லை, தாளிக்க அவ்வளவு தேவைப்படாது. வரமிளகாய் 50-க்குப் பதில் 35 போட்டு, கொதி வந்ததும் ருசி பார்த்துக் கூட்டுங்கள். தண்ணீர் 12 லிட்டரில் ஒன்றரை லிட்டரைத் தனிப் போசியில் கொதிக்க வைத்திருங்கள். அளவு பெருகும்போது ஆவியாகிப் போகும் பங்கு குறையும், முழுதும் ஊற்றினால் குழைந்துவிடலாம். அரிசி முக்கால் வேக்காடு வந்தபின் பதம் பார்த்து அதிலிருந்து சேருங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, அடியில் குழைவும் மேலே விதையுமாக நின்றுவிடும்.