எட்டு மாதம் தள்ளிப் போட்டால்

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய ஐயா,

குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. 2000 ஆகஸ்ட் 1-ல் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வயது 53. இடையில் மஸ்கட்டில் வேலை பார்க்க 14 மாதம் சம்பளமில்லா விடுப்பில் போனேன். இப்போது அடிப்படை ஊதியம் 60,000. இன்கிரிமென்ட் ஜூலை 1. அப்பாவின் ரப்பர் தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை. 2025 நவம்பர் 30-ஆம் தேதியோடு வேலையை விடலாம் என்று நினைக்கிறேன். ராஜினாமா கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். 25 வருடம் தாண்டியதால் முழுப் பென்ஷன் வரும் என்கிறான் மைத்துனன். எது சரி?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே சரியில்லை. முதலாவது ஆபத்தானதும்கூட.

ராஜினாமா சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். அதோடு பென்ஷனும் முடிந்துவிடும். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-இன்படி, பணியிலிருந்து விலகினால் அதுவரை பார்த்த பணிக்காலம் முழுவதும் கணக்கில் இல்லாமல் போகும். ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. ஜிபிஎஃப்பில் (பொது வருங்கால வைப்பு நிதியில்) நீங்கள் போட்ட பணம் வட்டியோடு வரும், அவ்வளவுதான். முறைப்படி அனுமதி வாங்கி இன்னொரு அரசுப் பணியில் சேருவதற்காக விலகுபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. தோட்டம் பார்க்கப் போகும் உங்களுக்கு அது பொருந்தாது. கடிதத்தில் 'ராஜினாமா', 'பணி விலகல்' என்ற சொற்களே வரக் கூடாது. 'அடிப்படை விதி 56(3)-இன் கீழ் விருப்ப ஓய்வு' என்று எழுத வேண்டும்.

50 வயது ஆனவர்களோ, 20 ஆண்டு தகுதியுள்ள பணிக்காலம் (ஓய்வூதியக் கணக்கில் சேரும் பணிக்காலம்) முடித்தவர்களோ அந்த விதியின்படி மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து ஓய்வு பெறலாம். உங்களுக்கு இரண்டு தகுதியும் இருக்கிறது. முன்னறிவிப்பை நியமன அலுவலருக்கே எழுத வேண்டும். நகலை உங்கள் அலுவலகத் தலைவருக்குக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 'இத்தனை வருடம் வெயிட்டேஜ் (விருப்ப ஓய்வுக்குச் சேர்க்கும் கூடுதல் பணிக்காலம்) தந்தால் மட்டும்' என்று நிபந்தனை போட்டு எழுத வேண்டாம்.

இனி மைத்துனர் சொன்ன கணக்கு. தமிழ்நாட்டில் முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு தகுதியுள்ள பணிக்காலம் வேண்டும். அப்போதுதான் கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி கிடைக்கும். குறைந்தால் அரையாண்டுக் கணக்கில், 30 ஆண்டுக்கான 60 அரையாண்டில் உங்களுக்கு எத்தனை என்று பார்த்து, அந்த விகிதத்தில் குறைப்பார்கள். நவம்பர் 30-ல் உங்கள் மொத்தப் பணி 25 ஆண்டு 4 மாதம். மருத்துவச் சான்று இல்லாமல் எடுத்த சம்பளமில்லா விடுப்பு 14 மாதமும் தகுதியுள்ள பணியில் சேராது. மிச்சம் 24 ஆண்டு 2 மாதம். விருப்ப ஓய்வுக்குக் கூடுதல் பணிக்காலமாக அதிகபட்சம் 5 ஆண்டு சேர்ப்பார்கள். கூட்டினாலும் மொத்தம் 30-ஐத் தாண்டக் கூடாது, வயது முதிர்வு ஓய்வுத் தேதியையும் தாண்டக் கூடாது. 53 வயதில் உங்களுக்கு அந்த 5 முழுதாகக் கிடைக்கும். ஆக 29 ஆண்டு 2 மாதம்.

இங்கேதான் தேதி விளையாடுகிறது. மீதி நிற்கும் மாதங்கள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஓர் அரையாண்டாக எடுத்துக்கொள்வார்கள். மூன்றுக்குக் குறைந்தால் வீண். உங்கள் 2 மாதம் வீண். 58 அரையாண்டுதான் நிற்கும்: 30,000-இல் 60-க்கு 58, அதாவது 29,000 ரூபாய். ஒரு மாதம் கழித்துப் போனால் 59 அரையாண்டு, 29,500. ஜூன் கடைசியில் 29 ஆண்டு 9 மாதம் ஆகும். அதில் 9 மாதம் இரண்டு அரையாண்டாகிவிடுவதால் 60 முழுமை பெறும். அதோடு நிறுத்தாமல் ஜூலை 1-ஐயும் தாண்டுங்கள். மூன்று சதவீத இன்கிரிமென்டில் ஊதியம் 61,800 ஆகும். கடைசி ஊதியம், கடைசி பத்து மாதச் சராசரி இரண்டில் எது லாபமோ அதையே எடுப்பார்கள் என்பதால், ஒரு மாதம் வாங்கினாலும் அந்த உயர்வு பென்ஷனில் ஏறும். 2026 ஜூலை 31-ல் போனால் பென்ஷன் 30,900. நவம்பரில் போவதைவிட மாதம் 1,900 கூடுதல், அதன்மேல் அகவிலைப்படி, ஆயுள் முழுக்க.

பணிக்கொடையும் இதே கணக்கில்தான். ஒவ்வோர் அரையாண்டுக்கும் கால் மாத ஊதியம். இதில் அகவிலைப்படியும் சேரும். இரண்டும் சேர்ந்து இன்று 94,000 என்று வைத்துக்கொண்டால் நவம்பரில் பதினாலரை மாதம், 13,63,000. ஜூலையில் பதினைந்து மாதம், அதுவும் கூடிய ஊதியத்தில். ஏறக்குறைய 90,000 ரூபாய் வித்தியாசம்.

ஈட்டிய விடுப்பு இருப்பை அதிகபட்சம் 240 நாள் வரை பணமாக்கலாம். பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு வரை தொகுத்து முன்பணமாக வாங்கலாம். வாங்கிய பங்கு 15 ஆண்டு கழித்துத் திரும்பச் சேரும். அகவிலைப்படி மட்டும் தொகுப்பதற்கு முந்தைய முழுப் பென்ஷன் மீதே வரும். பலர் இது தெரியாமல் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள்.

வெயிட்டேஜ் பணிக்காலத்தைத்தான் நிரப்பும், ஊதியத்தை நிரப்பாது. சேர்க்கும் 5 ஆண்டுக்கு இன்கிரிமென்ட் கிடையாது. 60 வயது வரை இருந்திருந்தால், ஆண்டுக்கு மூன்று சதவீத உயர்வு மட்டும் வைத்தாலே அடிப்படை ஊதியம் 73,800 அளவுக்கு வந்து, பென்ஷன் 36,900 ஆகியிருக்கும். இடையில் வரும் ஊதியத் திருத்தத்தையும் பதவி உயர்வையும் நான் சேர்க்கவில்லை. அந்தக் காலம் முழுக்கச் சம்பளத்துக்குப் பதில் அதில் பாதிதான் கையில் வரும். பென்ஷன் குறைகிறதே என்று கணக்குப் போடுகிறவர்கள், போகிற சம்பளத்தை எழுத மறந்துவிடுகிறார்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்க வழி இருக்கிறது. ஓய்வு பெற்றபின் அது இல்லை. இதை மனைவியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தோட்டம் பற்றி ஒரு சொல். பழைய மரத்தை வெட்டி மறுநடவு செய்யத்தான் இந்தப் பணம் என்றால், கன்று வைத்துப் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். முதல் மூன்று வருடம் இடையே வாழையோ அன்னாசியோ போட்டு ஏதோ பார்க்கலாம். பிறகு நிழல் விழுந்துவிடும். நீங்கள் எப்படியும் ஓய்வு பெறும் வயதில்தான் பால் வரத் தொடங்கும். பால் வெட்டிக்கொண்டிருக்கும் மரங்கள் என்றால் கணக்கு வேறு.

கடைசியாகச் செய்ய வேண்டியது பணிப்பதிவேட்டைப் பார்ப்பது. ஓய்வூதியக் கோப்பு சென்னை மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து திரும்பி வருவது பெரும்பாலும் அதில் உள்ள குறைகளால்தான். அந்த 14 மாதம் எந்த வகை விடுப்பு, எந்த ஆணை எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஏறியிருக்கிறதா? ஏறாமல் இருந்தால் அது அனுமதியில்லாமல் வராத காலமாக நிற்கும், தலைவலி பெரிதாகும். ஆண்டுதோறும் பணி சரிபார்த்த குறிப்பில் இடைவெளி இருந்தால், பழைய அலுவலகங்களின் சம்பளப் பட்டியலை வைத்து இப்போதே நிரப்பச் சொல்லுங்கள். தேர்வுநிலை, சிறப்புநிலை (ஒரே பதவியில் நீண்ட காலம் இருப்பவர்களுக்குத் தரும் உயர்வு) ஊதிய நிர்ணயம் தவறாக இருந்தால் அதிகம் கொடுத்ததைப் பணிக்கொடையில் பிடிக்கப் பார்ப்பார்கள். 2014 டிசம்பரில் பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீ வழக்கில், கீழ்நிலைப் பிரிவு ஊழியர்களிடம் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தீர்ப்பைக் காட்டி வாதாடுவதைவிட, இப்போதே சரிசெய்வது எளிது. வீடு கட்டும் முன்பணம் பாக்கி இருந்தால் அதுவும் பணிக்கொடையில்தான் கழியும். ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-இன் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலுவையில் இருந்தால் விருப்ப ஓய்வையே மறுக்கலாம்.

2026 ஏப்ரல் பிறந்ததும் முன்னறிவிப்பைக் கொடுத்துவிட்டால் ஜூலை 31-க்கு மூன்று மாதம் தாராளமாக வரும். ஏற்பு ஆணையில் ஓய்வுத் தேதியும் சேர்க்கப்பட்ட கூடுதல் பணிக்காலமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆணை கைக்கு வரும்வரை அலுவலகம் போவதை நிறுத்தாதீர்கள். மனம் மாறினால், முன்னறிவிப்புக் காலம் முடிவதற்குள் திரும்பப் பெற அனுமதி கேட்கலாம். அதன்பின் வழியில்லை.

இந்தக் கணக்கு 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும். உங்களுக்குப் பின்னால் வந்த இளையவர்கள் இதை வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டாம்.