பச்சையாக நின்ற பயிர் பதரானது ஏன்?

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் மானாவாரியில் புழுதி விதைப்பாக நெல் விதைத்திருந்தோம். கதிர் வெளிவரும் சமயத்தில் இரண்டு வாரம் மழையில்லை. இலை சற்றுச் சுருண்டதே தவிரப் பயிர் காயவில்லை. பிறகு நல்ல மழையும் பெய்தது. ஆயினும் அறுவடையில் பாதிக்கு மேல் பதர். பிழைத்த பயிர் விளையாமற்போனது ஏன்?
- வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: இலை வாடினால்தான் வறட்சி என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம், செடியோ வாடுவதற்கு வெகு முன்பே வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. இளம் செல் பெரிதாவதற்கு, உள்ளேயுள்ள நீர் அதன் சுவரை வெளிப்புறமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணின் ஈரம் குறைந்ததும் அந்த அழுத்தம் தளர்வதால், பார்வைக்குப் பச்சையாக இருக்கும் பயிரிலும் புது இலை சிறுத்துத் தண்டு குட்டையாகிறது. அதே வேளையில் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் செடியில் பெருகி இலைத்துளைகளை மூடச் செய்கிறது. நீர் வெளியேறுவது இதனால் குறைகிறது என்றாலும், கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான் என்பதால் ஒளிச்சேர்க்கையும் குன்றிவிடுகிறது. தாகத்துக்கு அஞ்சிப் பட்டினி கிடக்கிறது பயிர்.

இருப்பினும் உங்கள் வயலில் பெரும் கேட்டைச் செய்தது, வறட்சி வந்த பருவம். தூர் கட்டும்போது அதே இரண்டு வாரம் காய்ந்திருந்தால், மழைக்குப் பின் புதுத் தூர் விட்டு நெல் ஓரளவு ஈடுசெய்திருக்கும். கதிர் உருவாகிப் பூக்கும் நாட்களில் அதற்கு வழியில்லை. மகரந்தம் உருவாகும்போது நீர் குறைந்தால் அது மலடாகிறது; கதிர்க்காம்பு நீளாமல் கதிரின் ஒரு பகுதி இலையுறைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. நெற்பூ விரிந்திருப்பதோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். அப்போது கருக்கொள்ளாத பூ, மறுவாரம் குளம் நிரம்ப மழை பெய்தாலும் மணியாகாது. உங்கள் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 820 மி.மீ.; அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்கிறது. அதற்குள் பூத்து முடிக்கும் குறுகிய கால ரகமே மானாவாரிக்கு ஏற்றது.

சோளம் இவ்விஷயத்தில் கெட்டிக்காரப் பயிர். பூக்கும் முன் காய்ந்தால் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருந்து, ஈரம் கண்டதும் தொடர்கிறது. ஆனால் வறட்சியில் குன்றிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் மிகுந்திருக்கும். வாடிய சோளக் கொல்லையில் மாட்டை விடக்கூடாது என்று பெரியவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

கேள்வி: எல்லாம் காய்ந்த கோடையிலும் சீமைக் கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கிறதே, எப்படி?
- வாசகர், சாயல்குடி

பதில்: வேர்தான் காரணம். நெல்லின் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஓரடிக்குள் நின்றுவிடும். சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் வேர், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சுரங்கமொன்றில் 50 மீட்டருக்கும் கீழே காணப்பட்டதாகப் பதிவு உண்டு. மேல்மண் வெடித்துக் கிடக்கும்போதும் அது ஆழத்து ஈரத்தைக் குடிக்கிறது. சிற்றிலைகளால் நீரிழப்பும் குறைவு. ஆழத்தில் நீர் கிட்டாத பாறை நிலத்தில் அதுவும் குட்டைப் புதராகவே நிற்கும்.