1840-களின் அமெரிக்க மேற்கைக் காட்டும் நிகழ்ச்சிக்கு எந்தத் தொப்பி சரியாக இருக்கும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: கொலராடோவில் லா ஹண்டா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பென்ட்ஸ் ஓல்ட் ஃபோர்ட்டில், 1840-களின் கோட்டை வாழ்க்கையை நடித்துக் காட்டும் கோடைக்கால நிகழ்ச்சிக்கு நீங்களும் மனைவியும் போகிறீர்கள். வீட்டில் ஒரு கௌபாய் தொப்பி இருக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா, இல்லை வேறு வாங்க வேண்டுமா?

அது வேண்டாம். பென்ட் சகோதரர்களும் செரான் செயின்ட் வ்ரெயினும் அந்தக் கோட்டையைக் கட்டியது 1833-இல். 1849-இல் அதன் கதை முடிந்துவிட்டது. கௌபாய் தொப்பிக்கெல்லாம் மூதாதை என்று சொல்லப்படும் 'பாஸ் ஆஃப் தி ப்ளெயின்ஸ்' தொப்பியைச் செய்த ஜான் ஸ்டெட்சன் பிலடெல்ஃபியாவில் கடை போட்டதே 1865-இல்தான். அந்த மூதாதையும் உங்கள் வீட்டுத் தொப்பி மாதிரி இருக்காது. உருண்டையான உச்சி, தட்டையான விளிம்பு, இரண்டும் ஏறத்தாழ 4 அங்குலம், அவ்வளவுதான். உச்சியில் பள்ளமோ பக்கங்களில் குழியோ கிடையாது. போட்டுக்கொண்டவர்கள் தங்கள் கைப்பழக்கத்துக்கு அழுத்தி வளைத்து உண்டாக்கிய வடிவங்களைத்தான் பின்னாளில் தொழிற்சாலைகளே அச்சில் அழுத்தி விற்க ஆரம்பித்தன. இன்று கடையில் கிடைக்கும் தொப்பியின் உச்சிக் குழிகளும் மேலே சுருண்ட விளிம்பும் இருபதாம் நூற்றாண்டின் முகம். கோட்டை வாசலில் அதோடு நின்றால், விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தொப்பியைத் தேடும் முன் நீங்கள் யார் என்பதை முடிவு செய்யுங்கள். இந்த விஷயத்தில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதுதான். எந்த வருடம், எந்த வேலை, எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் தொப்பியும் கிடைத்துவிடும். அந்தக் கோட்டைக்கு இது இன்னும் பொருந்தும். 1848 வரை ஆர்கன்சா ஆறுதான் எல்லை; கோட்டை இருந்தது அமெரிக்கக் கரையில், எதிர்க்கரை மெக்சிகோ. செயின்ட் லூயிஸிலிருந்து வந்த வியாபாரிகள், பீவர் என்ற நீர்வாழ் விலங்கைப் பிடிக்கும் வேட்டைக்காரர்கள், தாவோஸ் ஊரிலிருந்து வந்த மெக்சிகோ வேலையாட்கள், எருமைத்தோல் கொண்டுவரும் ஷையேன், அரபாஹோ பூர்வகுடி மக்கள், சாண்டா ஃபே என்ற வியாபாரப் பாதையில் வண்டி ஓட்டுபவர்கள் என எல்லோரும் ஒரே முற்றத்தில் நடமாடினார்கள். 1846-இல் மெக்சிகோ மீது படையெடுத்துப் போன ஸ்டீஃபன் கர்னியின் படையும் அந்த வழியாகத்தான் போனது. இவர்கள் எல்லோர் தலையிலும் ஒரே மாதிரித் தொப்பி எப்படி இருக்கும்?

நம் நிறத்தில் ஒருவர் அங்கே பொருந்துவாரா என்ற தயக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கோட்டையின் சமையற்கட்டை ஆண்டவர் சார்லட் கிரீன் என்ற கறுப்பினப் பெண். அவரும் கணவர் டிக் கிரீனும் பென்ட் குடும்பத்தின் அடிமைகளாக இருந்தவர்கள். திரைப்படங்கள் காட்டும் வெள்ளை மேற்கு வேறு, அந்தக் கோட்டை வேறு.

சரி, முதல் தடவை போகிறவருக்கு என் யோசனை வண்டியோட்டி வேடம். பார்வையாளர்களிடம் சொல்ல நிறைய விஷயம் உண்டு, செலவும் குறைவு. அவருக்கு வேண்டியது கம்பளி ஃபெல்ட்டில் (நெய்யாமல் மயிரை அழுத்தி உண்டாக்கிய துணியில்) செய்த, உச்சி தாழ்வாகவும் உருண்டையாகவும் இருக்கிற, விளிம்பு அகலமான தொப்பி. நிறம் பழுப்பு, சாம்பல் அல்லது கறுப்பு. சுற்றிலும் ஒரு மெல்லிய நாடா, அதுவும் இல்லாவிட்டால் பரவாயில்லை. வெள்ளி வில்லைகள், பாம்புத்தோல் பட்டை, காற்றுக்காக உலோக வளையம் பதித்த துளைகள் எதுவும் வேண்டாம். விளிம்புக்குள் கம்பி வைத்த தொப்பிகளையும், முழுக்கத் தோலில் தைத்தவற்றையும் தள்ளிவிடுங்கள். 'பழங்காலத் தொப்பி' என்ற பெயரில் அதிகம் விற்பது இந்தத் தோல் தொப்பிகள்தான். 1840-களுக்கு அவை ஒட்டவே ஒட்டாது.

கோடையில் அந்தச் சமவெளியின் வெயில் கடுமையானது, அதனால் பனையோலைத் தொப்பியும் நல்ல தேர்வு. கியூபாவிலிருந்து ஓலையை இறக்கி, நியூ இங்கிலாந்துக் கிராமங்களில் பெண்களும் குழந்தைகளும் வீட்டிலேயே பின்னிய தொப்பிகள் அந்தக் காலத்தில் பெருமளவு விற்றன. எதிர்க்கரையிலிருந்து வந்தவராக நடிக்க விரும்பினால் உச்சி தாழ்ந்து தட்டையாகவும் விளிம்பு நன்கு அகன்றும் உள்ள மெக்சிகோத் தொப்பி பொருந்தும். கோட்டையின் வியாபாரி என்றால் விலங்கு ரோமத்தில் செய்த நேர்த்தியான ஃபெல்ட் தொப்பி அல்லது நகரத்து உயரத் தொப்பி. படைவீரர் வேடத்தை முதல் தடவை எடுக்க வேண்டாம். தொப்பியோடு சேர்த்து சீருடை முழுவதும் விதிப்படி இருக்க வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும்.

எல்லோரும் கேட்கிற ரக்கூன் வால் தொங்கும் தொப்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை எல்லைப்புற மனிதனின் அடையாளமாக நம் மனதில் பதித்தது 1950-களின் தொலைக்காட்சி. தோல் குல்லாய்களே இல்லை என்று சொல்லவில்லை. ஆல்ஃபிரட் ஜேகப் மில்லர் என்ற ஓவியர் 1837-இல் இன்றைய வயோமிங்கின் கிரீன் ஆற்றங்கரையில் நடந்த வேட்டைக்காரர் கூட்டத்துக்கே நேரில் போய் வரைந்தவர். அவர் ஓவியங்களில் விளிம்பு தொய்ந்த ஃபெல்ட் தொப்பியும் உண்டு, தோலில் தைத்த எளிய குல்லாயும் உண்டு. வால் தொங்கும் பொம்மைத் தொப்பி உங்களுக்கு வேண்டாம்.

மில்லரைப் போன்ற சாட்சிகளைத் தேடிப் பார்ப்பது எந்தக் கடைக்காரரின் பேச்சையும்விட நம்பகமானது. 1839-க்குப் பிறகு டாகரோடைப் புகைப்படங்களும் வருகின்றன. கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் போனவர்கள் 1849-ஐ ஒட்டி எடுத்துக்கொண்ட படங்களில், வேலை செய்கிற மனிதன் தொப்பியை எப்படி வைத்திருந்தான், மழையும் வியர்வையும் அதை என்ன செய்தன என்று தெளிவாகத் தெரியும். உங்கள் காலத்துக்கு அவை மிக நெருக்கம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டாகரோடைப்பும், பின்னால் வந்த, உலோகத் தகட்டில் எடுக்கும் டின்டைப்பும் பெரும்பாலும் கண்ணாடி பிம்பம் போல இடம் வலம் மாறியவை. பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரன் இடக்கைக்காரன் என்று பல காலம் நம்பப்பட்டதற்குக் காரணமே இப்படிப்பட்ட ஒரு டின்டைப்தான். ஆண்கள் தொப்பியில் நாடா முடிச்சு வழக்கமாக இடப்பக்கம் இருக்கும். படத்தில் வலப்பக்கம் தெரிகிறதே என்று மாற்றித் தைத்துவிடாதீர்கள்.

பொருளைப் பற்றி. பீவரின் அடி மயிரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கொக்கிகள் உண்டு. சூடு, ஈரம், அழுத்தம் மூன்றும் சேரும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, மழைக்கு அசையாத ஃபெல்ட் ஆகிவிடும். அந்த மயிருக்காகத்தான் வேட்டைக்காரர்கள் மலை மலையாக ஏறினார்கள். நகரங்களில் பட்டுத் தொப்பி மோகம் வந்து பீவரின் கிராக்கி விழுந்ததும் அவர்களுடைய வருடாந்தரக் கூட்டங்களும் 1840-உடன் நின்றன. கோட்டையின் வியாபாரம் எருமைத்தோல் பக்கம் சாய்ந்திருந்ததற்கும் இதில் பங்குண்டு. ஒரு தொப்பியைக் காட்டியே இந்தக் கதையைப் பார்வையாளர்களிடம் சொல்லலாம், சொல்லுங்கள். கம்பளி ஃபெல்ட் அவ்வளவு உறுதி கிடையாது, நனைந்தால் தொங்கும். வண்டியோட்டிக்கு அது குறையே இல்லை, பழைய படங்களில் அப்படித்தான் தொங்குகிறது. பணம் தாராளமாக இருந்தால் முயல் அல்லது பீவர் ரோம ஃபெல்ட் வாங்குங்கள், பல வருடம் உழைக்கும்.

வாங்கும்போது உச்சியில் எந்த மடிப்பும் போடாத, விளிம்பு தட்டையான வெற்றுத் தொப்பியைக் கேளுங்கள். கெட்டில் ஆவியில் காட்டி, ஃபெல்ட் இளகியதும் கையால் அழுத்தி, ஆறும்வரை அப்படியே பிடித்தால் நீங்கள் கொடுத்த வடிவம் நிற்கும். வேறு வருட நிகழ்ச்சிக்குப் போகும்போது மறுபடி ஆவி காட்டி மாற்றிக்கொள்ளலாம். வீட்டிலிருக்கும் கௌபாய் தொப்பியையே ஆவி காட்டி மாற்றிவிடலாமே என்று தோன்றும். கெட்டியாகப் பசையேற்றியிருந்தால் குழியின் தடம் போகாது. விளிம்பு ஓரத்து இயந்திரத் தையலும் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் மனைவிக்கு சன்பானெட் போதும். பருத்தித் துணி, முகத்தைச் சுற்றி ஆழமான விளிம்பு, அது நிமிர்ந்து நிற்க உள்ளே அட்டைப் பட்டைகள் அல்லது கயிறு வைத்த தையல், பின்கழுத்தை மறைக்கும் தொங்கல். வெயிலுக்கு அதைவிட நல்லது எதுவும் அந்தக் காலத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

பின்னால் 1870, 1880-களின் நிகழ்ச்சிகளுக்குப் போனால் மேலே சொன்ன 'பாஸ்' வடிவம் கைகொடுக்கும். இன்னொன்றும் உண்டு, பலர் நம்பாதது: பவுலர். 1849-இல் லண்டனில் பிறந்த அந்த உருண்டைத் தொப்பி அமெரிக்க மேற்கில் சர்வ சாதாரணம். 1900-இல் ஃபோர்ட் வொர்த் ஸ்டூடியோ ஒன்றில் புட்ச் காசிடியும் சன்டான்ஸ் கிட்டும் கூட்டாளிகளோடு எடுத்துக்கொண்ட படத்தைத் தேடிப் பாருங்கள். ஐந்து கொள்ளைக்காரர்கள், ஐந்து பேர் தலையிலும் பவுலர்.

இரண்டு எச்சரிக்கைகள். பருந்து, கழுகு இறகு வழியில் கிடந்தால்கூட எடுத்துத் தொப்பியில் செருகாதீர்கள். 1918-ஆம் வருடத்துப் புலம்பெயர் பறவைகள் சட்டமும் 1940-ஆம் வருடத்துக் கழுகுப் பாதுகாப்புச் சட்டமும் அதை வைத்திருப்பதையே தடுக்கின்றன. வான்கோழி இறகு செருகலாம். அப்புறம், பழம்பொருள் கடையில் நிஜமான பத்தொன்பதாம் நூற்றாண்டு ஃபெல்ட் தொப்பி கிடைத்தால் அதைத் தலையில் வைக்காதீர்கள். அப்போது ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரசக் கலவை தடவினார்கள். கனெக்டிகட்டின் டான்பரி தொப்பித் தொழிலாளர்களுக்குக் கை நடுக்கம் வந்ததும் அதனால்தான். 1941 வாக்கில்தான் அமெரிக்காவில் அந்தப் பழக்கம் நின்றது. பழைய தொப்பியில் பாதரசம் இன்னும் தங்கியிருக்கும்.

அளவுக்கு, புருவத்துக்கும் காதுக்கும் சற்று மேலே நாடாவைச் சுற்றி எடுங்கள். 57 செ.மீ. வந்தால் அமெரிக்க அளவில் ஏறத்தாழ ஏழேகால் அல்ல, ஏழும் அரைக்காலும். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் பெரியதை வாங்கி, வியர்வைப் பட்டைக்குப் பின்னால் துணி வைத்துச் சரிசெய்யலாம். கையால் செய்து தருபவர்கள் பெரும்பாலும் மாதக்கணக்கில் காக்க வைப்பார்கள். அதனால் நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் உடை விதிகளை இந்த வாரமே கேட்டு வாங்கி, தொப்பிக்கும் உடனே சொல்லி வையுங்கள்.