மைதானம் வந்தால் திருகோணமலை நிரம்புமா?

அன்புள்ள ஐயா,

உப்புவெளியில் மாமாவின் சிறிய விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன். கிழக்கில் ஒரு சர்வதேசக் கிரிக்கெட் மைதானமும் இல்லை. திருகோணமலையில் ஒன்று கட்டி, உலகக் கிண்ணப் போட்டி ஒன்றிரண்டு நடத்தினால், பார்சிலோனாவுக்கு ஒலிம்பிக் செய்ததுபோல நமக்கும் வெளிநாட்டவர் வருகை நிலைத்துவிடாதா?

கவின்

தம்பி கவினுக்கு,

எனக்கும் கிரிக்கெட் பைத்தியம் உண்டு. கோணேசர் மலை தெரிய ஒரு டெஸ்ட் நடந்தால் முதல் நாளே குடையோடு போய் உட்கார்ந்துவிடுவேன். உங்கள் விடுதிக் கணக்கு வேறு.

பார்சிலோனாவில் நகரத்துக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதையும் தொழிற்சாலைகளும் மறித்துக் கிடந்தன. 1992 ஒலிம்பிக்கைச் சாட்டாக வைத்து அதையெல்லாம் மாற்றிக் கடற்கரையைத் திறந்தார்கள். விளையாட்டு இரண்டு வாரத்தில் முடிந்தது, கடற்கரை நின்றது. நமக்கோ அது ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. (கடற்படையிடம் இருக்கும் பகுதிகளைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.)

போட்டி நடக்கிற நாட்களிலாவது கூட்டம் வருமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. லண்டன் ஒலிம்பிக் நடந்த 2012 ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் முந்தைய ஆகஸ்டை விடக் குறைவு. நெரிசலுக்கும் விலைக்கும் பயந்து வழக்கமாக வருகிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

அவ்வளவு தூரம் ஏன், அம்பாந்தோட்டை இருக்கிறதே. சூரியவெவயில் 35,000 பேர் கொள்ளும் அரங்கு கட்டினார்கள். 2011 உலகக் கிண்ணத்தில் அங்கே நடந்தவை இரண்டே போட்டிகள். 2018 பொதுநலவாய விளையாட்டையும் கேட்டுப் பார்த்து, கோல்ட் கோஸ்டிடம் 43க்கு 27 என்று தோற்றார்கள். 2013இல் அதே மாவட்டத்து மத்தளையில் விமான நிலையம் திறந்தார்கள். இரண்டு வருடத்தில் அதன் சரக்குக் கிடங்கில் நெல் மூட்டை அடுக்கினார்கள். நெல்லுக்கு நல்ல இடந்தான், ஈரம் படாது.

காலி நகரம் ஏன் நிரம்புகிறது என்று கேட்பீர்கள். அங்கே கோட்டை முதலில். 1988இலேயே உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிவிட்டது. முதல் டெஸ்ட் 1998இல்தான். இங்கிலாந்து ரசிகர்கள் மதிலில் ஏறி நின்று ஆட்டம் பார்ப்பதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் தங்கள் ஊரில் குளிரடிக்கும்போதுதான் வருகிறார்கள். அந்த மாதங்களில் பாதி நம்மிடம் வாடைக்காற்று: புறாமலைத் தீவுக்குப் படகு ஓடாது, நிலாவெளியில் கடலில் கால் வைக்க முடியாது. நம்முடைய சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அப்போது அவர்கள் ஊரிலேயே கிரிக்கெட் நடக்கும்!

அறுகம்பையில் அலைச்சறுக்குப் போட்டி வைத்தால் பொருந்துகிறது, அலைக்காகவே ஆட்கள் வரும் மாதங்கள் அவை. நமக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்றால் ஜூலையில் நிலாவெளிக் கரையோரம் ஒரு நீச்சல் போட்டி வைக்கலாம், புறாமலையின் பவளப்பாறையை மிதிக்காமல். வருடாவருடம், சின்னதாக. அதற்கு அரங்கு வேண்டாம். உயிர்காப்பாளர் இரண்டு பேர், சுத்தமான கழிப்பறை, இரவில் எரிகிற தெருவிளக்கு போதும். போட்டி வராவிட்டாலும் உங்கள் விடுதிக்கு இவை மூன்றும் வேண்டியவைதானே?

கழிப்பறையை எங்கே கட்டலாம் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எழுதுங்கள்.