பெற்றோருக்கு வேலை போய்விட்டால் டெல்லி மாதிரி நகரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?

கேட்டவர் விளக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “ரேஷன் இலவசம், அரசுப் பள்ளி இலவசம், மதியச் சாப்பாடும் இலவசம். அப்பா அம்மாவுக்கு வேலை போனாலும் குழந்தை சமாளித்துவிட முடியாதா?”

நான் தெற்கு டெல்லியில் இருக்கிறேன். ஜங்க்புரா, போகல் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பத்து, பன்னிரண்டு வயது வரை ஓரளவு சமாளிக்கலாம். பதினான்கில் முடியாது. நீங்கள் சொன்ன இலவசங்களில் முக்கியமானவை நிற்கிற வயதும், பிள்ளையை வேலைக்கு எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிற வயதும் ஒன்றாக இருக்கின்றன.

முதலில், இங்கே வேலை போவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் கடிதம் கொடுத்து அனுப்புவது மாதிரி ஒரே நாளில் அது நடப்பதில்லை. நாலு வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒருவர். ஒரு வீட்டுக்காரர் குருகிராமுக்குக் குடிபோய்விடுவார். இன்னொரு வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் வந்துவிடும். நாலு வீடு இரண்டாகிவிடும், வருமானம் பாதியாகிவிடும். ஆனால் அவரை வேலையில்லாதவர் என்று யாரும் எழுத மாட்டார்கள். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வாரக் கணக்கு ஒன்று உண்டு. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அதில் அவர் வேலையில் இருப்பவர்தான். நகரத்து வேலையின்மை பற்றி நாளிதழில் வருகிற சதவீதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஒரு மணி நேரம்தான் ஞாபகம் வரும்.

கட்டட வேலைக்குப் போகும் அப்பாக்களுக்கு வேறு மாதிரி. டெல்லியில் அவர்களுக்கு வருடா வருடம் வேலை போகும். தீபாவளி முடிந்து காற்று கெட்டுப்போனதும் மாசின் அளவைப் பார்த்துப் படிப்படியாகக் கட்டுப்பாடுகள் வரும், கிராப் என்பார்கள். மூன்றாவது படி வந்துவிட்டால் பெரும்பாலான கட்டட வேலைகளுக்குத் தடை. தடையே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அந்தப் புகையை மூச்சில் இழுப்பதும் இதே பிள்ளைகள்தான். ஆனால் நவம்பர் முதல் ஜனவரி வரை எத்தனை நாள் கூலி வரும் என்று அந்த வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. பதிவு செய்த தொழிலாளிக்கு நிவாரணம் உண்டு. 2024 குளிர்காலத்தில் அது 8,000 ரூபாய். முதலில் 2,000 வந்தது, மீதி 6,000 உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு வந்தது. சரி, பதிவு செய்ய என்ன வேண்டும்? முந்தைய ஒரு வருடத்தில் 90 நாளாவது கட்டட வேலை பார்த்ததற்குச் சான்று. காலையில் கூலியாட்கள் கூடுகிற சௌக்கில் (நாற்சந்தியில்) நின்று, யார் கூப்பிட்டாலும் போய்விட்டு வருகிறவருக்கு அந்தச் சான்றில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

இதோடு வீடும் போனால் என்ன ஆகும் என்பதை ஜங்க்புராவில் எல்லோரும் பார்த்தோம். பாராபுல்லா கால்வாய் ஓரத்தில் இருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் இருக்கக் கால்வாயைச் சரிசெய்ய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. சுமார் 370 வீடுகள். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியிருந்தவர்கள். அப்போதைய பட்டியல்படி 189 குடும்பங்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு. மற்றவர்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்லப்பட்டது.

நரேலா டெல்லியின் வடக்கு எல்லை. ஜங்க்புராவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்தப் பெண்களின் வேலையெல்லாம் ஜங்க்புரா எக்ஸ்டென்ஷனிலும் நிஜாமுதீனிலும் லஜ்பத் நகரிலும்தான். கேம்ப்பிலிருந்து நடந்தே போய் ஏழு மணிக்கு முதல் வீட்டில் பாத்திரம் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். நரேலாவிலிருந்து ஏழு மணிக்கு வர வேண்டுமானால் விடியும் முன்னே கிளம்ப வேண்டும். 2019 அக்டோபரிலிருந்து டெல்லி அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான், அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் நேரத்தை யார் கொடுப்பது? எனக்குத் தெரிந்த ஓர் அம்மா கொஞ்ச நாள் முயன்று பார்த்தார். காலை வீடுகள் இரண்டும் கையை விட்டுப் போயின. “லேட்டா வர்றியேன்னு அவங்க திட்டலக்கா, வேற ஆள் பாத்துக்கிட்டாங்க” என்று சொன்னார். அவருடைய பன்னிரண்டு வயது மகள் இப்போது தம்பிக்குத் தலை வாரி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பிவிட்டு அப்புறம் தான் கிளம்புகிறாள். சில நாள் கிளம்புவதில்லை. எந்தப் பதிவேட்டிலும் அவள் குழந்தைத் தொழிலாளி கிடையாது.

நான் அதிகம் கவலைப்படுவது பட்டியலில் பெயர் வராத ஒரு குடும்பத்துப் பையனைப் பற்றி. அவனுக்குப் பதினான்கு முடிந்துவிட்டது, ஒன்பதாம் வகுப்பு. அப்பா கட்டட வேலை, அம்மா வீட்டு வேலை. அம்மாவின் வேலை போய்விடக் கூடாது என்று பக்கத்திலேயே ஒரு ரூம் எடுத்தார்கள். அதுவரை வாடகை என்ற செலவே இல்லாத வீடு அது. முதலில் மளிகைக் கடையில் கடன். அப்புறம் தோடு அடகுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் சாப்பாட்டில் கை வைத்தார்கள். பால் பாக்கெட் நின்றது, முட்டை நின்றது, இட்லிக்கு ஊறப்போடுவது நின்றது. ரீசார்ஜ் தீர்ந்தபோது பள்ளி வாட்ஸ்அப்பில் வருகிற வீட்டுப்பாடமும் நின்றது. ரேஷனைப் பற்றிக் கேட்டிருந்தீர்களே, ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். ஒரு நாளைக்குச் சுமார் 167 கிராம் வருகிறது. பசியை அடக்கும், அதில் சந்தேகமில்லை. எண்ணெய், பருப்பு, காய்கறி, கேஸ் எல்லாம் காசு கொடுத்துத்தான். அதோடு டெல்லியில் எத்தனை பேருக்கு ரேஷன் என்கிற உச்சவரம்பு இன்னமும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் இருக்கிறது. பிறகு பிறந்த கடைக்குட்டியின் பெயரைச் சேர்க்கப் போனால் இடமில்லை என்கிறார்கள்.

நவம்பரில் கிராப் தடை வந்தது, அப்பாவுக்குக் கூலி நின்றது. அதே நவம்பரில் டெல்லியில் கல்யாண சீசன் தொடங்குகிறது. பிப்ரவரி வரை பண்ணை வீடுகளிலும் மண்டபங்களிலும் இரவு முழுக்கக் கல்யாணம்தான், தட்டு எடுக்க, தண்ணீர் கொடுக்க, பாத்திரம் கழுவக் கேட்டரிங்காரர்களுக்குப் பையன்கள் வேண்டும். ஓர் இரவுக்கு நானூறு, ஐந்நூறு, வயிறாரச் சாப்பாடும் உண்டு. அப்பாவுக்கு வேலை மூடுகிற மாதங்களும் மகனுக்கு வேலை திறக்கிற மாதங்களும் ஒன்று. விடியற்காலை வீடு திரும்புகிற பையன் எட்டு மணிக்கு வகுப்பில் உட்கார்ந்து என்ன செய்வான்? தூங்குவான், இல்லாவிட்டால் வரவே மாட்டான். சீசன் முடிகிற நேரத்தில் ஆண்டுத் தேர்வு வந்துவிடும். ஒன்பதில் தோற்ற பிள்ளையைத் திரும்ப வகுப்பில் உட்காரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டால் எந்த ஆசிரியரும் சொல்வார்.

பதினான்கு என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். பள்ளி மதிய உணவு எட்டாம் வகுப்போடு சரி. ஆறிலிருந்து எட்டு வரை படிக்கிற பிள்ளைக்குத் தினமும் 700 கலோரி, 20 கிராம் புரதம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போன முதல் நாள் அது பூஜ்யமாகிவிடும். வளர்கிற வயதில், வீட்டில் முட்டை நின்றுபோன நேரத்தில்! குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது, 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் மட்டும் கூடாது என்று வைத்தார்கள். அதாவது சுரங்கம், வெடிபொருள் மாதிரி இடங்கள். ஆனால் இதே சட்டம் இந்த வயதுப் பிள்ளைகளிடம் இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. கல்யாண கேட்டரிங் முழுக்க முழுக்க அந்த நேரத்தில் நடப்பது. டெல்லியில் கல்யாணத்துக்குப் போகிற நாம் எல்லோருமே அந்தப் பையன்களின் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறோம்.

பையனை வேலைக்கு அனுப்பும் அந்த அப்பா அம்மா மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. “படிக்கட்டும்னுதான் நெனக்கிறேன், வாடகை நாளு நிக்குமா?” என்று அந்த அம்மா கேட்டபோது சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

‘ஊருக்கே போய்விடலாமே’ என்று இங்கே யாராவது எழுதுவார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். கேம்ப் இடிந்தபோது ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு சொன்னது. ஆனால் பல குடும்பங்களுக்கு ஊரில் நிலமும் இல்லை, வீடும் இல்லை. பிழைப்பு இல்லாமல்தான் அவர்களின் தாத்தாக்கள் ரயில் ஏறினார்கள். பிள்ளைகளுக்கு இந்தி தெரிந்த அளவுக்குத் தமிழ் எழுத வராது. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப்பெண் திட்டமும் அங்கே அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால்தான். இங்கே இருக்கிற தமிழ்ப் பெண்ணுக்கு அது இல்லை, டெல்லியின் பட்டியல் பலவற்றிலும் அவள் பெயர் இல்லை.

வறுமையை அளக்கிற விதத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் 12 அம்சங்கள் இருக்கின்றன. சத்துணவு, பள்ளிப் படிப்பு, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, வங்கிக் கணக்கு என்று போகும். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் வீட்டில் யாருக்காவது வேலை இருக்கிறதா என்ற கேள்வி அந்த 12-ல் இல்லை. ஜுக்கியிலிருந்து, அதாவது குடிசையிலிருந்து, நரேலா அடுக்குமாடிக்குப் போன குடும்பத்துக்கு வீடு, கழிப்பறை என்ற வரிசையில் எல்லாம் சரியாகிவிடும். காலை வீடுகள் இரண்டும் போனது எங்கேயும் பதிவாகாது. கிராமத்துக்கு வேலை உறுதிச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. நகரத்துக்கு அப்படி நாடு முழுமைக்குமான சட்டம் இன்றுவரை இல்லை. தடைக்காலத்தில் டெல்லியில் அப்படி ஒரு வேலை கிடைத்திருந்தால் அந்த அப்பா மகனைக் கேட்டரிங்குக்கு அனுப்பியிருக்க மாட்டார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நோட்டுப் புத்தகமும் பையும் வாங்கிக் கொடுக்கிற நல்ல மனசுக்காரர்களிடமும் இதையேதான் சொல்கிறேன். முதலில் அந்த அம்மாவின் வேலையைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

இந்த நிலைமையில் யாரையாவது தெரிந்தவர்கள் இதைப் படித்தால், கைக்கு உதவுகிற சில விஷயங்கள். வீடு மாறிய பிள்ளைக்குப் புதுப் பள்ளியில் டிசி இல்லை என்று அட்மிஷனை மறுக்கவோ தள்ளிப்போடவோ எட்டாம் வகுப்பு வரை முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் அது தெளிவாக இருக்கிறது. பிரிவு எண்ணைச் சொன்னாலே பல இடங்களில் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ரேஷன் கார்டு வேறு மாநிலத்தில் இருந்தாலும், ஆதார் இணைத்திருந்தால் டெல்லிக் கடையில் தானியம் வாங்கலாம், 2021 ஜூலையிலிருந்து அந்த வசதி உண்டு. கட்டடத் தொழிலாளி பதிவைக் குளிர்காலம் வந்த பிறகு புதுப்பிக்கப் போனால் லேட், அக்டோபருக்குள் பார்த்துவிடுங்கள். ராத்திரி வேலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களைப் பற்றிக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லலாம். ஆனால் அந்த வீட்டு வாடகைக்கு ஒரு வழி பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பையன் இன்னும் தள்ளி ஓர் இடத்துக்கு வேலைக்குப் போவான்.

அந்தப் பையனுக்காக ஞாயிற்றுக்கிழமை வகுப்பைக் காலையிலிருந்து மத்தியானத்துக்கு மாற்றியிருக்கிறேன், தூங்கி எழுந்து வருகிறான். ஒன்பதில் நின்றுவிட்டால் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுதவைக்கலாம் என்று அம்மாவிடம் பேசி வைத்திருக்கிறோம். நரேலாவிலிருந்து வருகிற அந்த அம்மாவுக்குப் பத்து மணிக்கு மேல் வேலை கொடுக்கத் தயாராக இரண்டு வீடுகள் வேண்டும். ஜங்க்புரா, நிஜாமுதீன், லஜ்பத் நகர் பக்கம் இருக்கிறவர்கள் முடிந்தால் உங்கள் காலை வேலை நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பாருங்கள்.