உயிரியல் கேள்வி – பதில்: புழுவா, பாம்பா, மரவட்டையா?

கேள்வி: காப்பித் தோட்டத்தில் குழி வெட்டினால் மண்புழுவும் மரவட்டையும் நிறைய வருகின்றன. கூடவே மண்புழு மாதிரியே கறுத்து மினுங்கும் ஒன்றும் நெளிகிறது. மூன்றும் ஒரே இனமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: இல்லை. மூன்றும் வெவ்வேறு தொகுதிகளை (விலங்குலகின் பெரும் பிரிவுகளை) சேர்ந்தவை. கறுத்து மினுங்குவது பெரும்பாலும் புழுப்பாம்பு. அது முதுகுநாணிகளில் (கருவிலாவது முதுகில் நாண் போன்ற தண்டு உடையவற்றில்) ஒன்று. மண்புழு வளைதசைப் புழு, மரவட்டை கணுக்காலி.

ஒரு வெள்ளைத் தட்டில் ஈரமண்ணைத் தூவி அதில் விட்டுப் பாருங்கள். மண்புழு நீண்டும் சுருங்கியும் நகரும். புழுப்பாம்பின் நீளம் மாறாது. பக்கவாட்டில் நெளிந்து ஓடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் அதன் செதில்கள், கரும்புள்ளி போன்ற கண்கள், வால் நுனியில் சிறு முள் எல்லாம் தெரியும். நாக்கை நீட்டினால் சந்தேகமே வேண்டாம். அதற்கு விஷம் கிடையாது. எறும்பு, கறையான் முட்டைகளைத் தின்னும். தயவுசெய்து மண்வெட்டியால் வெட்டிவிடாதீர்கள்.

மண்புழுவை வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலால் வருடினால், தோலிலுள்ள நுண்முட்களால் சொரசொரக்கும். கழுத்துப் பக்கம் தடித்த பட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இளம் புழுக்களுக்கு அது இருக்காது.

மரவட்டைக்கு ஒரு வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால்கள். பூரானுக்கு ஒரு ஜோடிதான். மாணவர்கள் தவறுவது எண்ணும் இடத்தில். மரவட்டையின் முதல் வளையத்தில் காலே இல்லை, அடுத்த மூன்றில் ஒவ்வொரு ஜோடிதான். எனவே உடலின் நடுப்பகுதியில் எண்ணுங்கள். தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்க வேண்டாம். பல மரவட்டைகள் எரிச்சலூட்டும் நீரைக் கசியவிடும்.

வளைய உடலைப் பார்த்து மண்புழுவையும் மரவட்டையையும் நெருங்கிய உறவாகவே 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே வைத்தார். அந்தக் கருத்து நெடுங்காலம் நின்றது. 1997-ல் ரைபோசோம் (செல்லில் புரதம் செய்யும் நுண்ணுறுப்பு) மரபணு ஒப்பீடு அதைப் புரட்டிப்போட்டது: கைட்டின் என்ற கடினப் பொருளாலான ஓட்டை உரித்து வளரும் மரவட்டைக்கு, தோலுரித்து வளரும் உருளைப்புழுக்களே நெருங்கிய சொந்தம். தோலுரிக்காத மண்புழுவோ நத்தையின் பக்கம் போய்விட்டது. உருவ ஒற்றுமை உறவுக்குச் சான்றாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி: முதுகெலும்பற்றவை என்பது ஒரு தொகுதியா?
– மாணவி, சேலம்

பதில்: அல்ல. விலங்குகளில் முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் உண்டு. முதுகெலும்பிகள், முதுகுநாணிகள் என்ற ஒரே தொகுதியின் உட்பிரிவுதான். அதே தொகுதியில் முதுகெலும்பில்லாத ஆம்பியாக்சஸ் என்ற மீன் போன்ற சிறு கடலுயிரும் இருக்கிறது. மீதி அத்தனையையும் ஒரே பெயரில் அடைப்பது வசதிக்காக மட்டுமே. கருவளர்ச்சியைப் பாருங்கள்: நட்சத்திரமீனுக்கும் நமக்கும் கருவில் முதலில் தோன்றும் துளை மலவாயாகிறது. மரபணுக்களும் அதையே சொல்கின்றன. ஆக, நட்சத்திரமீனுக்கு நத்தையைவிட நாமே நெருங்கிய உறவு.

கேள்வி: ஒகேனக்கல் முதலைக்குப் பல்லிதானே சொந்தம்?
– வாசகர், மேட்டூர்

பதில்: பல்லியைவிடப் பறவைதான் நெருக்கம். நான்கு அறை இதயம் இரண்டுக்கும் உண்டு. மரபணு ஒப்பீடும் அதை உறுதி செய்கிறது. அதனால் இன்றைய வகைப்பாட்டில் பறவைகள் ஊர்வனவற்றின் ஒரு கிளையாகவே வைக்கப்படுகின்றன. ஆனால் பள்ளித் தேர்வில் பாடநூலில் உள்ளபடி தனி வகுப்பு என்றே எழுதுங்கள்.