காத்திருப்பதா, எதிர்பார்ப்பதா?

கேள்வி: ஒரு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தை 'ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை' என்று முடித்தேன். மேலாளர் அதனை 'வெயிட்டிங் ஃபார்' என்று திருத்தினார். இரண்டும் ஒன்றுதானே?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஒன்றல்ல. சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் மகன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வந்துவிடுவான் என்ற உறுதியோடு வீட்டில் சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் தாய் செய்வது 'எக்ஸ்பெக்ட்'. சந்திப்பு நிலைய நடைமேடையில், ஆறிப்போன தேநீர்க் கோப்பையோடு தண்டவாளத்தையே பார்த்து நிற்கும் தந்தை செய்வது 'வெயிட்'. முன்னது மனத்தின் கணிப்பு. பின்னது அதற்காகச் செலவாகும் நேரம்.

இதில் தமிழே நமக்குத் துணை நிற்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. 'எக்ஸ்பெக்ட்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'வெளியே நோக்குதல்' என்பது பொருள். நம் 'எதிர்பார்' என்பதிலும் பார்வையே இருக்கிறது. 'வெயிட்' என்ற சொல்லோ தொடக்கத்தில் காவல் இருப்பதைக் குறித்தது. 'காத்திரு' என்பதிலும் அந்தக் காவல் உண்டு.

'வெயிட்' என்பதற்குப்பின் ஆளையோ பொருளையோ சொல்ல 'ஃபார்' வேண்டும். 'எக்ஸ்பெக்ட்', காத்திருப்பதையே குறிக்கும் இன்னொரு சொல்லான 'அவெய்ட்' இரண்டுக்கும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் 'எக்ஸ்பெக்டிங்' என்பது, பதில் தருவது அவர்களது கடமை என்று வற்புறுத்துவதுபோல் ஒலிக்கும். 'வெயிட்டிங் ஃபார்' பிழையன்று. ஆனால் சற்றே பொறுமையிழந்த தொனி அதில் உண்டு. ஆகவே, 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்பதையே நான் பரிந்துரைப்பேன். அந்த 'டு'வுக்குப்பின் வினை வந்தால் 'டு ஹியர்' அன்று, 'டு ஹியரிங்' என்றே எழுத வேண்டும்.